கூட்டிச் சொன்ன பால்

பியர் கொம்பனியின் சக்கை லொறி எங்கள் முச்சந்தியில் நிற்காமல் போன முதல் நாள் நான் ஊரில் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். அந்த வாரக் கடைசியில் வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஏறும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்த விதமும் நல்லதாக இல்லை.

பீலியடியில் குடத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வேலாயி அக்கா, என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

"வர்றா பாரு பியர் டாக்டரு. மாட்டு வாயில மண்ணப் போட்டுட்டு மகாராணி மாதிரி வர்றா."

"என்னாக்கா சொல்றீங்க?"

"ஒன்னய யாரு கேட்டா? போ போ. ஒங்கண்ணன் வச்சிருக்கான் ஒனக்கு."

நடந்ததை ஒழுங்காகச் சொல்வதென்றால் ஒரு வருஷம் பின்னுக்குப் போக வேண்டும். 2004இல் நான் முதுமாணிப் படிப்பில் சேர்ந்தேன். பியரும் சாராயமும் வடிக்கும் கைத்தொழிலில் தண்ணீரையும் எரிபொருளையும் எப்படிக் குறைக்கலாம், கழிவை எப்படித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆறும் மண்ணும் கெடாமல் அந்தத் தொழில் எப்படி நீடிக்கலாம் என்பது என் ஆய்வு. நிலைபேறு என்று அதற்குப் பெயர். சுவருக்குச் சுவர் ஒட்டி வரிசையாக வீடுகள் இருக்கும் எங்கள் லயத்தில் அந்தச் சொல் எடுபடவில்லை. 'குடிகாரப் படிப்பு' என்ற சொல் ஒரே நாளில் எடுபட்டது.

அதை முதலில் சொன்னது வேறு யாருமல்ல, என் அம்மா சுகிர்தம்தான். அப்பா அமிர்தநாதன் கசிப்புக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர். தேவாலயத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இறந்தவர்களோடு அவருடைய பெயரை வாசிக்கும்போதுகூட அம்மா தலை நிமிர்வதில்லை.

"புருசனக் கொன்ன சாமானத்துக்கு மக போயி சேவகம் பண்ணப் போறா."

"நான் குடிக்கவாம்மா போறேன்? அவங்க வடிக்கிறப்ப ஊத்துற தண்ணிய அளக்கப் போறேன்."

"அளந்து? அளந்து கொஞ்சமா குடிங்கன்னு சொல்லப் போறியா?"

பியர் கொம்பனி எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருந்தது. அதனால்தான் என் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் தம்பிராசா அந்தத் தலைப்பை எனக்குத் தந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "உம்மட வீட்டு வாசல்ல கொம்பனி. பிறகென்ன பிள்ளை, போய் அளவும்" என்றார். கொம்பனி மனேஜர் ஜயரத்னவுக்கு என்னை முதல் நாளே பிடிக்கவில்லை. "தோட்டத்திலிருந்தா? யார் அனுப்பியது, யூனியனா?" என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளே விடுவதற்கு ஒரு நிபந்தனை போட்டார். எந்த அத்தியாயம் எழுதி முடித்தாலும் அது முதலில் அவர் மேசைக்கு வர வேண்டும். நான் போகும் இடமெல்லாம் ஒரு செக்கியூரிட்டி பின்னால் வந்தான். தண்ணீர்க் குழாயில் மீற்றரைப் பார்க்கக் குனிந்தால் அவனும் குனிந்தான்.

தண்ணீர் அத்தியாயமும் கொதிகலன் அத்தியாயமும் சண்டையில்லாமல் முடிந்தன. மூன்றாவது அத்தியாயம் சக்கை.

முளைகட்டிய பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிய பிறகு அண்டாவின் அடியில் மிஞ்சுவதுதான் சக்கை. வெளியே வரும்போது சூடாக, அவித்த கடலை மணத்தோடு இருக்கும். இரண்டு நாள் கிடந்தால் புளித்து நாறும். கொம்பனிக்கு அது குப்பை. டவுன் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வரச் சொல்லித் தினமும் லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். லொறி போகும் வழியில் எங்கள் முச்சந்தியில் நின்று கோர்ன் அடிக்கும். உரப் பேக்கையும் கொழுந்துக் கூடையையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். யார் வீட்டு மாடு கடைசியாகக் கன்று போட்டதோ அந்த வீட்டுக்கு முதல் கூடை. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். இதை யாரும் எழுதி வைத்ததுமில்லை, மீறியவனுமில்லை. எங்கள் லயத்தில் தோட்டத்து நாட்கூலியான பெரட்டுச் சம்பளத்தை மட்டும் நம்பி இருந்த வீடுகளுக்கும் மாடு வைத்திருந்த வீடுகளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அந்தச் சக்கைதான். மாசிப் பனியில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போது மாட்டைக் காப்பாற்றியதும் அதுதான்.

சக்கையைக் குப்பையில் புதைப்பது, அதிலிருந்து எரிவாயு எடுப்பது, மாட்டுக்குக் கொடுப்பது, இந்த மூன்றில் எது மேல் என்பது என் கேள்வி. அதற்கு மாடுகள் எவ்வளவு கறக்கின்றன என்று தெரிய வேண்டும். ஒரு சனிக்கிழமை கிளிப் போட்ட அட்டையோடு எங்கள் லயத்தில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் வாசல் வாசலாக நின்று கேட்டேன். முதல் வீட்டில் எட்டு லீட்டர் என்றார்கள். கடைசி வீடு எங்களுடையது. அண்ணன் மிலான் மாட்டைத் தடவிக்கொண்டு, "பதினாறு" என்றான். அந்த மாட்டை அவன் வாங்கியது நான் விடுதிக்குப் போன பிறகு. கலப்பின மாடு. அண்ணன் சொன்னதை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்? பால் சேகரிக்கும் நிலையத்துக்குப் போனது அதைவிடக் குறைவு என்று எனக்குத் தெரியும். மிச்சத்தைத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டால், மாட்டுக்குக் கொடுப்பதுதான் மூன்றிலும் மிக மேல் என்று வந்தது. மற்ற இரண்டும் கிட்டவும் வரவில்லை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். எங்கள் ஆட்கள் செய்துகொண்டிருந்ததுதான் சரி என்று எழுத எத்தனை பேருக்கு வாய்க்கும்? சக்கை அருகிலுள்ள சிறு மாட்டுக்காரர்களுக்கே தொடர்ந்து போக வேண்டும் என்று கடைசிப் பந்தியில் எழுதி, நிபந்தனைப்படி ஜயரத்னவின் மேசையில் வைத்தேன். அவர் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். அத்தியாயத்தை இரண்டு தடவை வாசித்தார். "நல்ல வேலை" என்றார்.

அதற்கு அடுத்த மாதம் லொறி முச்சந்தியில் நிற்கவில்லை.

நான் வீட்டுக்குள் நுழையும்போது மிலான் மாட்டுப்பட்டியில் நின்றான். மாடு கன்று போட்டு அதிக நாளாகவில்லை. விலா எலும்பு தெரிந்தது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு மடியை விட்டுத் தள்ளிப் போய் நின்றது.

"வா. வந்து பாரு. ஒன் படிப்போட லட்சணத்த வந்து பாரு."

"என்னாண்ணே நடந்திச்சு? லொறி ஏன் வரல?"

"வருது. நிக்காம போவுது. இறம்பொடைப் பக்கம் ஏதோ பெரிய பண்ணையாம், முழுசா அவனுக்குப் போவுது. ட்ரைவர் சொல்லிட்டான், ஒரு கூடை கீழ எறங்குனாலும் அவன் வேல போயிருமாம். ஒங்க தோட்டத்துப் புள்ள எழுதுன கணக்கப் பாத்துட்டுத்தான் பண்ணக்காரன் வந்தான்னும் சொன்னான். லயமே கேட்டுக்கிட்டு நின்னிச்சு."

"நான் ஒங்களுக்குன்னுதானே எழுதினேன்!"

"எங்களுக்குன்னு எங்க எழுதுன? மாட்டுக்குன்னு எழுதுன. மாடு அவங்கிட்டயுந்தான் இருக்கு."

 ஆத்திரத்தில் நான் பேச்சை மாட்டின் பக்கம் திருப்பினேன்.

"பதினாறு லீட்டர் கறக்குற மாடு நாலு நாள்ல இப்பிடி ஆவுமா?"

மிலான் வாளியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். தேவையில்லாத வேலை.

"பதினாறு கறக்குமா கறக்காதா?"

"ஏழு" என்றான். "நல்ல புல்லு இருந்தா எட்டு."

"பொய்யா சொன்ன?"

"எல்லாருந்தான் சொன்னாங்க. அட்டையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா என்னான்னு நெனைக்கிறது? போன தடவ கறவ மாட்டுத் திட்டத்துக்கு வந்தவனும் இப்பிடித்தான் அட்டையோட வந்தான். பால கொறச்சுச் சொன்ன வீட்டுக்குப் புது மாடு இல்லன்னுட்டான். ஒழுங்கா உள்ளதச் சொன்ன வீரய்யா மாமா இன்னிக்கும் அந்தக் கெழட்டு மாட்டோடதான் இருக்காரு."

"நான் ஒன் தங்கச்சி!"

"தங்கச்சின்னா உள்ள கூப்புட்டுக் கேட்டிருக்கணும். நீ வாசல்ல நின்னு ஊரே பாக்கக் கேட்ட. பக்கத்து வீட்டுக்காரன் பதினஞ்சுன்னு சொன்னது எனக்குக் கேட்டிச்சு. அதுக்குப் பொறகு நான் ஏழுன்னு சொன்னா அவன் பொய்க்காரனாயிருவான். ஒரே செவத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு அப்பிடிச் சொல்ல முடியுமா?"

உள்ளே போய் அட்டையை எடுத்துப் பார்த்தேன். எட்டு, ஒன்பது, ஒன்பது, பத்து, பன்னிரண்டு. லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்கு வரவரப் பால் கூடிக்கொண்டே வந்திருந்தது. நான் ஒரு வாசலில் எழுதி முடிப்பதற்குள் அந்த எண் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்தவன் அதற்கு மேல் ஒன்று வைத்திருக்கிறான். கொதிகலனின் சூட்டை மூன்று தடவை அளந்து பார்த்தவள் நான். இதை ஒரு தடவைகூட மேலிருந்து கீழே வாசித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஜயரத்னவின் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"சக்கை சிறு மாட்டுக்காரர்களுக்குப் போக வேண்டும் என்றல்லவா எழுதியிருந்தேன்?"

"குப்பை என்று நான் நினைத்தது சரக்கு என்று நீதான் காட்டினாய். சரக்கை யாராவது ரோட்டில் கொட்டுவானா?" அவர் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். எனக்கு விளங்காமல் போய்விடக் கூடாது என்பது போல ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "பண்ணைக்காரன் சும்மா வரவில்லை. ஈரச் சக்கையை இறம்பொடை வளைவுகளில் ஏற்றிக் கொண்டுபோக எவ்வளவு டீசல் எரியும்? உன் பால் கணக்கைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன். மாத முடிவு வரை சோதித்துப் பார்க்கிறான். அதற்குப் பிறகு ஒப்பந்தம். அன்றைக்குக் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். நீயும் உன் பேராசிரியரும் வந்து அந்தக் கணக்கை விளக்க வேண்டும்."

"அந்தக் கணக்கு பிழை என்றால்?"

"பிழை என்றால் அவன் ஏன் இந்த ஈரத்தைச் சுமக்கப் போகிறான்? விட்டுவிட்டுப் போவான்." பிறகு என்னைச் சரியாகப் பார்த்தார். "பிழையா?"

"இல்லை, கேட்டேன்."

"தோட்டத்து ஆட்களுக்காகப் பேச வந்தாயா, படிக்க வந்தாயா? ஒன்றை முடிவு பண்ணு."

அன்றைக்கு அந்திக்கு, தோட்டத்துத் தொழிலாளர் தலைவர் சோலைமலையின் வாசலில் ஆட்களைக் கூட்டினேன். கூட்டினேன் என்பது சரியில்லை. என்னை ஏச வேண்டும் என்று அவர்களே கூடியிருந்தார்கள். நான் விஷயத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். உண்மையான பால் அளவைச் சொன்னால் பண்ணைக்காரன் போய்விடுவான், லொறி பழையபடி குப்பைமேட்டுக்கு ஓடும், வழியில் நிற்கும். நீங்கள் கூட்டிச் சொன்னதை ஒத்துக்கொண்டால் போதும்.

 எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். சோலைமலை கையைத் தூக்கி அடக்கினார்.

"புள்ள, நாங்க பொய் சொன்னோம்னு நீ போயி அந்தக் கொம்பனி மாத்தயாகிட்டச் சொன்னா அவன் என்னா செய்வான் தெரியுமா? பொய்க்காரப் பயலுகளுக்கு என்னாத்துக்குச் சக்கைன்னு குப்பைமேட்டுக்கு வேற ரோட்டால அனுப்புவான். அடுத்த தடவ கறவ மாட்டுத் திட்டம் வந்தாலும் இந்தத் தோட்டம் பொய்த் தோட்டம்னு தாண்டிப் போயிருவாங்க."

"அப்ப என்னா செய்யச் சொல்றீங்க தலைவரே?"

"நீ தப்பா எழுதிட்டேன்னு சொல்லு."

"நான் தப்பா எழுதலயே. நீங்க சொன்னததான் எழுதினேன்."

"எழுதலதான். நான் இல்லேங்கல. சொல்லு."

"நீங்க எல்லாரும் பொய் சொல்லிட்டு, இப்ப நான் ஒருத்தி பொய் சொல்லணுமா?"

"நாங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். நீ எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு சொல்லேன். படிச்ச புள்ளதானே."

சிலர் சிரித்தார்கள். வேலாயி அக்கா சிரிக்கவில்லை. "படிச்சவ ஒரு தப்புப் பண்ணா போனாப் போவுதும்பாங்க. நாங்க பண்ணா வாயில போட்டு மெல்லுவாங்க" என்றார்.

"என் படிப்பு போயிரும். ஒங்களுக்கு வெளங்குதா? பட்டம் கெடைக்காது."

"எங்க மாடு போயிரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "செத்துப்போன மாட்டுக்குப் பதிலா ஒன் பட்டத்தையா கறக்கிறது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

"அந்தப் படிப்புத்தானே? போனாப் போவட்டும்" என்றார். ஊருக்கு முன்னால் சொன்னார்.

"நீங்க எல்லாம் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போனேன். நல்லா இருக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பேராசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். லயத்துச் சுவர், அட்டை, எட்டிலிருந்து பதினாறுக்கு ஏறின கணக்கு, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நிறைய நேரம் எடுத்தது.

"இதை வேற ஆருக்கும் சொன்னனீரோ?"

"லயத்து ஆட்களைத் தவிர ஒருத்தருக்கும் இல்லை சார்."

"அப்ப நான் ஒண்டும் கேக்கேல்லை. நீர் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த மாசம் வாய்மொழிப் பரீட்சை. பேசாமல் போய்ப் படியும்."

"கணக்கு பிழை சார்."

"பிழை எண்டு எழுதினா அந்த அத்தியாயம் இல்லை. அந்த அத்தியாயம் இல்லாட்டி முதுமாணி இல்லை. திரும்ப அளக்கிறதெண்டா மாடு கன்று போட்டதில இருந்து வத்தும் வரைக்கும் நிண்டு அளக்க வேணும். உமக்குப் புலமைப்பரிசில் ஆவணியோட முடியுது. விளங்குதோ? டிப்ளோமாவோட வீட்ட போக வேண்டியதுதான்."

"லயத்து மாடுகளுக்குச் சக்கை இல்லை சார். பனியில புல்லும் இல்லை."

"மாட்டுக்கும் எனக்கும் என்ன பிள்ளை? நான் மாட்டு வைத்தியரே?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உம்மட சனம் உமக்குப் பொய் சொல்லும். நீர் அவைக்காகப் பட்டத்தை விடுவீர். நல்ல பொருத்தம். போம்."

மாத முடிவு வரைக்கும் நான் வீட்டுக்குப் போகவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். யோசிக்கவில்லை, கறுவிக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்ன பொய்யை அவர்கள் முகத்திலேயே எறிய வேண்டும் போலிருந்தது. பொய்க்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டத்தையும் விட்டுவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் சக்கையும் போகும், பட்டமும் போகும். பேசாமல் இருந்தால் பட்டம் மட்டும் மிஞ்சும். எப்படித் திருப்பிப் போட்டாலும், சக்கை திரும்பி வர ஒரேயொரு வழிதான் இருந்தது. அது சோலைமலை சொன்ன வழி என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கொம்பனியின் கூட்ட அறையில் நீண்ட மேசை. ஒரு பக்கம் ஜயரத்ன, கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர். மறுபக்கம் பண்ணைக்காரர், தடித்த மனிதர், சட்டைப் பையில் கால்குலேட்டர். பேராசிரியர் என் பக்கத்தில். ஜயரத்ன என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார். இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்று சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

"பால் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது" என்றேன். "மாட்டுக்காரர்கள் எனக்குச் சொன்னது ஒரு நாள் முழுவதும் கறக்கும் பால். நான் அதை ஒரு வேளைப் பால் என்று எடுத்து, இரண்டு வேளைக்கும் சேர்த்து இரட்டித்துவிட்டேன். அவர்கள் சொன்னது சரி. எழுதினது நான். உண்மையான அளவு இதில் பாதிதான்."

பண்ணைக்காரர் கால்குலேட்டரை எடுத்தார். இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"அதுதானே பார்த்தேன். நானும் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். என் மாடுகள் பாலை ஒளித்து வைக்கின்றனவோ என்று நினைத்தேன்" என்று சிரித்தார். "பாதிக்கு எனக்கு டீசலே தேறாது, மிஸ்டர் ஜயரத்ன. ஈரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

அவர் போன பிறகு ஜயரத்ன கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொழும்புக்காரர்களைப் பார்த்து, "தோட்டத்துப் பள்ளிக்கூடப் படிப்பு இவ்வளவுதான் வரும். இரண்டால் பெருக்குவதா வகுப்பதா என்று தெரியாது" என்றார். என்னைப் பார்க்காமலே கேற் பாஸை நீட்டச் சொல்லி வாங்கி, மேசை லாச்சிக்குள் போட்டார். "இந்தக் கேற்றுக்குள் இனி கால் வைக்காதே."

வெளியே வந்ததும் பேராசிரியர் மரத்தடியில் நின்றார்.

"இரட்டிச்சனீரோ?"

"ஓம் சார்."

"உம்மட கணக்கை வரி வரியாப் பாத்தவன் நான். நீர் ஒண்டையும் இரட்டிக்கேல்லை. இப்ப உள்ளுக்கை சொன்னதுதான் பொய்."

"தெரியும் சார்."

"பொய் சொல்லிப் பட்டம் எடுத்த ஆக்களைக் கண்டிருக்கிறன். பொய் சொல்லிப் பட்டத்தை விட்ட ஆளை இண்டைக்குத்தான் காணுறன்." சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் இரங்குவன் எண்டு நினையாதையும். கவனயீனம் எண்டுதான் எழுதுவன். நீரே ஆக்களுக்கு முன்னால சொல்லிப்போட்டீர். எனக்கு வேற வழி வைக்கேல்லை."

அப்படியேதான் எழுதினார். சக்கை அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். தண்ணீருக்கும் கொதிகலனுக்கும் ஒரு டிப்ளோமா கிடைத்தது.

அதற்கு முன்பே லொறி திரும்பிவிட்டிருந்தது. விடுதியைக் காலி பண்ணிக்கொண்டு பெட்டியோடு நான் ரோட்டில் ஏறி வந்த அன்று, முச்சந்தியில் அது நின்றுகொண்டிருந்தது. ஆவி பறக்கப் பறக்க ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"வா புள்ள, வா" என்றார் சோலைமலை. "தப்புன்னா மனுசருக்கு வாறதுதான். மனசுல வச்சுக்காத. ஆனா இம்புட்டுப் படிச்சிட்டு ரெண்டு வேளப் பாலுக்கும் ஒரு வேளப் பாலுக்கும் வித்தியாசம் தெரியலயே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இருக்கும், கண் சிமிட்டுவார் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நிஜமாகத்தான் சொன்னார்.

"நாங்க எம்புட்டுத் தெளிவாச் சொன்னோம்" என்றார் வேலாயி அக்கா, பேக்கின் வாயைக் கட்டிக்கொண்டே. "நாள் முழுக்க இம்புட்டுன்னு. இவதான் ரெண்டால பெருக்கிட்டா. ட்ரைவர் சொன்னப்ப எனக்கு வகுறு எரிஞ்சிச்சு. ஒரு மாசம் மாடு பட்டினி கெடந்திச்சே, யாரால?"

"யாராலன்னு ஒங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"தெரியாம என்னா. நீதானே அங்க போயி ஒத்துக்கிட்ட."

மிலான் லொறியின் பின்பக்கத்தில் நின்றான். தோளில் பேக், அதிலிருந்து சக்கைத் தண்ணீர் முதுகில் வழிந்தது.

"அண்ணே, நீ சொல்லு. என்னா சொன்ன நீ அன்னிக்கு?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தான். அந்த ஆளும் தோளில் பேக்கோடுதான் நின்றார்.

"அவளுக்கு எல்லாம் இங்கிலீசுலதான் ஓடும்" என்றான் மிலான். "நம்ம தமிழ்ல சொன்னது வெளங்கல போல."

லொறியே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். மிலான் சிரிக்காமல் பேக்கைச் சரிபண்ணிக்கொண்டு, என்னைத் தாண்டி லயத்துப் படியில் ஏறினான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனேன். 

அம்மா மாட்டுத் தொட்டியில் சக்கையைக் கொட்டித் தவிடு போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். மாடு தலையை ஆட்டி ஆட்டித் தின்றது. நான் பெட்டியை வாசலில் வைத்தேன். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக விஞ்ஞானம் படிப்பிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாளைக்கே போகிறேன் என்று சொன்னேன். அம்மா தலையாட்டினார்.

"ஊருக்கு வர்றதுன்னா லொறி வராத நாளாப் பாத்து வா" என்றார். "அதுங்க சிரிக்கிறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

"லொறி தெனமும் வருதேம்மா."

அம்மா பிசைந்த கையை உதறினார்.

"அதான் சொல்றேன்."